மாப்பிள்ளை சாப்பிடவில்லை

ஆண் மலைப்பாம்புக்குக் களைப்பு என்பதே கிடையாது. மனித குலம் இத்தனை காலம் இதைக் கவனிக்காமல் எப்படி இருந்தது என்பதுதான் இசோகாய்க்குப் புரியவில்லை. ஹமமட்சு நகரத்துப் பாம்பு வளர்ப்பவர்கள் கூடிய விடுதியில், பொரித்த கோழிக்கும் பீருக்கும் நடுவே எழுந்து நின்று இதை அறிவித்தார்.

நல்ல நிறமுள்ள ஆணைத் துணிப்பையில் போட்டு, பெண் பாம்பு இருக்கும் வீட்டுக்கு அனுப்புவதும், பொரிக்கும் குட்டிகளில் பங்கு பெறுவதும் அவர்களுக்குள் வழக்கம். இசோகாயின் ஆண் பாம்பு கின்டா வாழைப்பழ மஞ்சள். மனிதனாக இருந்தால் இன்னும் மீசை அரும்பியிருக்காது. அவனை நான்கு வீடுகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

எதிரே இருந்த தொகிவா அம்மாளிடமும் ஓர் இளம் ஆண் இருந்தது. ஒரே ஒரு பெண்ணோடு சேர்த்துவிட்டு, அந்த ஆண் மறுபடி இரை எடுத்து எடை ஏறும்வரை யார் கேட்டாலும் அனுப்பாமல், போன் போட்டு மன்னிப்புக் கேட்பார்.

"பாம்புக்கு லீவு சொல்றீங்களாமே, தொகிவா சான்? போனஸும் உண்டா?" என்று சீண்டினார் இசோகாய்.

"சாப்பிட்டா குடுப்பேன். உங்க பையன் சாப்பிட்டானா?"

"கல்யாண முறுக்குல இருக்கறவன் சோத்தையா பாப்பான்!"

மேஜையே சிரித்தது. கூடும் பருவத்தில் ஆண் பாம்பு இரை தொடாது என்பது உண்மை. அதனால்தான் யாராலும் அவரை மறுக்க முடியவில்லை. கின்டா எலியைப் பார்த்து முகத்தைத் திருப்பியபோதெல்லாம் இசோகாய் பெருமைப்பட்டார்.

மூன்றாவது வீட்டிலிருந்து பை திரும்பி வந்தது. அவிழ்த்துப் பார்த்தது மனைவி சாயோ.

"என்னங்க இது, மடக்கி வெச்ச குடை மாதிரி இருக்கான்?"

முதுகெலும்பு கூரை முகடு போல எழுந்து நின்றது. விலாவில் தோல் மடிந்து தொங்கியது. இசோகாய் உறையவைத்திருந்த எலியை வெந்நீரில் சூடாக்கி நீட்டினார். கின்டா நாக்கைக்கூட நீட்டவில்லை. சின்ன எலியாக மாற்றினார். பெட்டியை இருட்டாக்கினார். தொட்டுப் பார்த்தார், தொட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

மருத்துவர் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, ஒட்டச் சுரண்டப்பட்டிருக்கிறான், பிழைத்தால் பிழைப்பான் என்றார்.

வேறு வழியில்லாமல் இசோகாய் தொகிவாவுக்கு போன் செய்தார்.

"வாயைத் தொறந்து ஊட்டிடலாமா?"

"இருக்கற உசுரும் போயிடும். சூடு இருக்கா? தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஒண்ணும் பண்ணாதீங்க."

"ஒண்ணுமேவா?"

"அதான் இதுல கஷ்டம், இசோகாய் சான்."

பேச ஒரு ஆள், திட்ட ஒரு ஆள், லஞ்சம் கொடுக்க ஒரு ஆள் கிடைத்திருந்தால் இசோகாய் எதையாவது செய்திருப்பார். எதிரே இருந்ததோ சுவரைப் பார்த்துச் சுருண்ட ஒரு மஞ்சள் கயிறு. மூச்சு விடுகிறதா என்று பார்ப்பதற்கே கண்ணாடியில் மூக்கு ஒட்ட வேண்டியிருந்தது.

நான்காவது வீடு, அன்று விடுதியிலும் இருந்த, அவருடைய அலுவலகப் பிரிவுத் தலைவர் ஓகுசாவாவுடையது. மாப்பிள்ளையை எதிர்பார்த்து ஒரு பெட்டி ஆரஞ்சு வேறு அனுப்பியிருந்தார்.

"தலைவருக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் சாயோ. "களைப்பே கிடையாதுன்னு அவர் முன்னாடிதானே முழங்கினீங்க?"

இசோகாய் போனை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனார். பாம்புக்குச் செவி கிடையாது என்று தெரிந்தும் கதவைச் சாத்திக்கொண்டார்.

"தலைவரே, மன்னிக்கணும். பையன் ரொம்பக் களைச்சுட்டான். இந்த வருஷம் அவனுக்கு லீவு," என்று தாழ்ந்த குரலில் சொல்லி, யாரும் இல்லாத சுவரைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தார்.