கூலிக்கு அழுதவள்

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்குரியவர் கலியபெருமாள், மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். அவர் மனைவி செல்லம்மாள். மகன் கௌதமன். தம்பி மகள் கீதாஞ்சலி. இறந்துபோன மகள் சந்தியாவின் மாமனார் தெய்வசிகாமணி, பொம்மையார்பாளையத்திலிருந்து காரில் வந்தவர். ஆறாவது ஆள் அளத்துக் கூலியாள் சவரிமுத்து. அவன் கையில் ஒரு சாமந்தி மாலை இருந்தது.

மாலை வந்த கதை இது. விடியற்காலையில் அளத்து இளவட்டங்கள் மோட்டார் கொட்டகையில் ஸ்பீக்கர் வைத்து ஒரு பாட்டைப் போட்டிருந்தார்கள். நாலு பாத்தி தள்ளி உப்பு வாரிக்கொண்டிருந்த சவரிமுத்துவின் காதில் அது பாட்டாக விழவில்லை, செல்லம்மாளின் ஒப்பாரியாகத்தான் விழுந்தது. சாவு இல்லாத வீட்டில் ஒரு பெண் ஒப்பாரியை முணுமுணுக்கக்கூட மாட்டாள் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பலகையை அப்படியே போட்டுவிட்டு, கடைத்தெருவில் மாலை வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். கதவைத் திறந்தவர் கலியபெருமாள்.

"யாருடா செத்தது?"

அவருக்கென்று மாலை வாங்கி வந்தவன் என்ன சொல்வான்? தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாக நின்றுவிட்டான். போகச் சொல்லவும் கலியபெருமாளுக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் தெய்வசிகாமணியின் கார் வந்து நின்றது.

பாட்டு கௌதமனுடையது. 'உவர்' என்ற பெயரில் ஆறு வருஷமாக ஹிப் ஹாப் பாட்டுகளுக்கு இசை போடுகிறான். அவன் பீட் என்றால் கார்க் கண்ணாடி அதிரும். ஈ.சி.ஆரில் வார இறுதிக்குப் பாண்டிச்சேரி போகிற பயல்கள் அதைத்தான் அலறவிட்டுக்கொண்டு போவார்கள். கலியபெருமாளுக்கு அது பாட்டாகவே தோன்றியதில்லை. ஆனாலும் கல்யாண வீடுகளில் நாலு பேர் எழுந்து வந்து, "உவரோட அப்பாங்களா?" என்று கேட்டபோது வேட்டியைச் சரிசெய்துகொண்டு தலையசைத்திருக்கிறார்.

நாலு நாள் முன்பு வந்த பாட்டில் அதிர்வு எதுவும் இல்லை. தாளத்துக்குப் பதில் உப்பு வாரும் பலகை தரையில் தேயும் சத்தம். அதன் மேல், பதினோரு மாதம் முன்பு சந்தியாவின் பதினாறாம் நாளில் செல்லம்மாள் அழுத அழுகை, அவன் போனில் பதிந்து வைத்திருந்தது. அவ்வளவுதான்.

"ஜனங்க என்ன சொல்றாங்கன்னு ஒருதரம் கேளுங்க சம்பந்தி. ஏம்மா, படி" என்றார் தெய்வசிகாமணி.

கீதாஞ்சலி போனைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள்.

"படி" என்றார் கலியபெருமாள்.

"'ப்ரோ, பீட் எங்க? அடகு வச்சிட்டியா?' 'ஜிம்முல போட்டேன், மாஸ்டர் வெளிய அனுப்பிட்டாரு.' 'உவர் செத்துட்டான், இது அவன் கருமாதிப் பாட்டு.'" அவள் திரையைத் தள்ளினாள். "ஒரு பொண்ணு எழுதியிருக்குது பெரியப்பா. 'எங்கக்காவும் இப்படித்தான் ரெண்டு தடவை வந்துச்சு, நாங்க அனுப்பி வச்சிட்டோம்'னு."

கலியபெருமாளின் முதுகு நாற்காலியில் படவில்லை. எப்போதும் படாது. சந்தியாவும் இரண்டு தரம்தான் வந்தாள். முதல் தரம் உதடு கிழிந்து. இரண்டாம் தரம் கை வீங்கி. இரண்டு தரமும் அவரே வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டார், வாழாவெட்டி வீட்டில் இருந்தால் ஊர் என்ன பேசும் என்று. மூன்றாம் தரம் போன்தான் வந்தது. அவள் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டாள். மஞ்சக்காமாலை என்று ஊருக்குச் சொன்னவர் அவர். பொழுது சாய்வதற்குள் எரித்தவரும் அவர். செல்லம்மாள் பதினாறாம் நாள் அழுததில் இதுதான் இருந்தது:

*ரெண்டு தரம் வந்தியேடி, வாசப்படி தொட்டியேடி,*
*வண்டியிலே ஏத்தி வச்ச மகராசன் நல்லா இருக்க.*

அன்றைக்குப் பெண்கள் கூட்டத்துக்குள் அமுங்கிப்போனது அந்த வரி. இப்போது மூன்று லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள்.

"பையனுக்கு ஆவணியில மறுகல்யாணம் வச்சிருக்கேன்," என்றார் தெய்வசிகாமணி. "பொண்ணு வீட்டுல இந்தப் பாட்டைக் கேட்டுட்டு போன் மேல போன். சண்டை போட வரலைங்க நான். கௌதமன் ஒரு வீடியோ போடட்டும். இது கற்பனை, நிஜமில்லைன்னு ஒரே வார்த்தை. உங்க பேரும் தப்பிக்கும், எங்க பேரும் தப்பிக்கும்."

"நான் சொல்ல மாட்டேன்பா" என்றான் கௌதமன்.

"நீ வாயை மூடு. யாரைக் கேட்டுடா போட்ட இதை?"

"நான்தான் போடச் சொன்னேன்" என்றாள் செல்லம்மாள்.

பதினோரு மாதமாக அவரிடம் அவள் நேராகப் பேசியதில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். கலியபெருமாள் அவள் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். ஒரே வார்த்தை. மஞ்சக்காமாலை என்று சொன்னதைவிட இது பெரிய பொய்யா என்ன?

"சொல்லுவான். நான் சொல்ல வைக்கிறேன்" என்றார்.

தெய்வசிகாமணியின் முகம் தெளிந்தது. "அதான் பெரிய மனுஷன். பாதிப் பேரு ஏற்கெனவே அப்படித்தான் நம்புறான். அதைப் படிம்மா, மேல இருக்குதே, நூத்துக்கணக்குல லைக் விழுந்திருக்குதே."

கீதாஞ்சலி படிக்கவில்லை. அவரே போனை வாங்கிக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்தார்.

"'எல்லாம் செட்டப்பு மச்சி. உவருக்கு அக்காவே கெடையாது. ஐந்நூறு ரூபா குடுத்து ஒப்பாரிக் கெழவியை இட்டாந்து அழ வச்சிருக்கான்.'" சிரித்தார். "பாத்தீங்களா? நாம ஒண்ணும் புதுசா சொல்ல வேணாம். அதையே ஆமான்னுட்டாப் போதும்."

சவரிமுத்து மாலையைக் கைமாற்றிக்கொண்டு மெல்லச் சொன்னான்: "பாப்பா இருந்துச்சுங்களே. நான்தானே சைக்கிள்ல பள்ளிக்கொடத்துக்கு இட்டுகினு போவேன்."

கலியபெருமாள் எழுந்தார். மகள் எப்படிச் செத்தாள் என்பதை மறைக்க அவர் துணிந்திருந்தார். பெறவே இல்லை என்று சொல்ல வேண்டிவரும் என அவர் நினைத்ததில்லை. சந்தியாவின் கல்யாணத்துக்கு முன்பு இதே கூடத்தில்தான் தெய்வசிகாமணி தட்டு மாற்றினார், இதே நாற்காலியில் உட்கார்ந்து.

"போனை எடு" என்றார் மகனிடம். "நான் பேசறேன்."

"நீங்களே பேசுறதுன்னா இன்னும் நல்லது" என்றார் தெய்வசிகாமணி.

"அந்த மாலையை இங்க வைடா சவரிமுத்து. அவ படத்துக்கு இன்னும் ஒரு மாலை விழலை."

இதைக் கேட்டதும் தெய்வசிகாமணி நாற்காலியை விட்டு எழுந்தார். "சம்பந்தி, யோசிச்சுப் பேசுங்க. போலீசு வந்தா உங்களையும்தான் கேக்கும். அவசரமா எரிச்சது நீங்க."

"கேக்கட்டும்."

கௌதமன் போனைப் பிடித்தான். கலியபெருமாள் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"என் பேரு கலியபெருமாள். உவரோட அப்பா. பாட்டு நல்லாயிருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது, அது உங்க இஷ்டம். அதுல அழுவுறவ கூலிக்கு வந்தவ இல்லை, என் சம்சாரம். வண்டியில ஏத்தி அனுப்பினது நான். செத்தவ என் மக சந்தியா. அவளுக்கு மஞ்சக்காமாலை இல்லை."