கீவ் சாலையில் ஓர் ஆள் குறை

மூடுபனி சாலையை இரண்டு பக்கமும் விழுங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். ஆனால் மேற்கே லிவிவில் தொடங்கி கீவ் வரைக்கும் ஜனம் இப்படியே கை கோத்து நிற்கிறது என்று பூகோள வாத்தியார் ஜெனோவி அடித்துச் சொன்னார். எழுபத்தொரு வருடத்துக்கு முன்னால், 1919இல், இதேபோல ஒரு ஜனவரியில்தான் மேற்கும் கிழக்கும் ஒரே உக்ரைன் என்று அறிவித்தார்கள். அறிவித்த சூடு ஆறுவதற்குள் அந்த நாடு கைநழுவிப் போனது. அதை நினைத்துத்தான் இந்த மனிதச் சங்கிலி.

மெலானியாவின் இடது கையை வாத்தியார் பிடித்திருந்தார். வலது பக்கம் காலி. ஒரு பேருந்து வந்து சேராததால் அந்த இடத்தில் ஆள் குறைந்தது.

"கவலைப்படாதீங்கக்கா, அந்தப் பக்கத்து ஆளுங்க நகர்ந்து வர்றாங்க," என்றார் வாத்தியார்.

வந்தார்கள். கைகளை எட்டிப் பிடித்தபடி ஒவ்வோர் அடியாக நகர்ந்து வந்த அந்த வரிசையின் இந்தப் பக்கத்து முனையில், மெலானியாவை ஒட்டி வந்து நின்றவர் ஓமெல்யான். அவருடைய மறுகையைப் பிடித்திருந்தவரைப் பனி மறைத்திருந்தது.

மெலானியாவும் அவரும் நாற்பது வருடமாக ஒரே தெரு, ஒரு வார்த்தை பேசியதில்லை. வைக்கோலுக்குள் நீலமும் மஞ்சளுமாக ஒரு துணியை, அன்று தடைசெய்திருந்த உக்ரைன் கொடியை, ஒளித்து வைத்திருந்தான் அவள் அண்ணன் யூலியான். 'நான் பார்த்தேன்' என்று சோவியத் போலீஸிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது இந்த ஆள். பத்தொன்பது வயதுப் பையனை சைபீரியாவின் கொலிமா கைதி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கடிதம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வந்தார் இவர்?

ஓமெல்யான் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையை நீட்டினார். குளிரில் அது சிவந்திருந்தது. மெலானியா தன் கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"அக்கா, நேரமாச்சு. இங்க அறுந்துச்சுன்னா மொத்தமும் அறுந்த மாதிரிதான்."

"உங்களுக்குச் சொல்ல சுலபம் வாத்தியாரே. வேற யாரையாவது நிறுத்துங்க."

"வேற யாரு இருக்கா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் பனி விலகியது. சாலை நீண்டுகொண்டே போனது, கீவையும் தாண்டி. தினிப்ரோ ஆற்றில் படகு தள்ளிய பழங்காலத்து ஆட்கள் ஈரக் கையோடு நின்றார்கள். அவர்கள் கையைக் குடுமி வைத்த கொசாக் போர்வீரர்கள் பிடித்திருந்தார்கள். அவர்களுக்கு அடுத்து, பிறத்தியார் வயலில் முதுகு ஒடிந்த பண்ணையாட்கள். அதற்கும் இப்பால், முப்பத்துமூன்றாம் வருடத்துப் பட்டினியில் செத்தவர்கள். அவர்கள் விரல்கள் குச்சி குச்சியாக இருந்தன, ஆனாலும் விடவில்லை. வரிசை வளைந்து வளைந்து அவளை நோக்கியே வந்தது. அதன் முடிவில் யூலியான் நின்றான், இன்னும் அதே பத்தொன்பது வயது. அவளைப் பார்த்து அவன் சிரித்தான். அண்ணா, கையைக் கொடு என்று எட்டினாள். எட்டவில்லை. நடுவில் ஓமெல்யான் இருந்தார். அவருடைய மறுகையைத்தான் யூலியான் பிடித்திருந்தான்.

கண்ணைத் திறந்து, நீட்டியிருந்த அந்தக் கையைப் பிடித்தாள். கையுறையைக் கழற்றவில்லை. கையுறையோடு கை கொடுப்பது அவமரியாதை என்று ஊருக்கே தெரியும். இருக்கட்டும் என்று விட்டாள்.

ஓமெல்யானின் கை நடுங்கியது. மெல்ல அதை உருவப் பார்த்தார்.

"என் கை இதுல வேண்டாம் மெலானியா. நான் போயிடறேன்."

அவள் பிடியை இறுக்கினாள்.

"கையெழுத்துப் போட்டப்ப நடுங்காத கை இப்ப மட்டும் ஏன் நடுங்குது? மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க. பேசாம நில்லுங்க. அந்தப் பக்கம் எங்க அண்ணன் நிக்கிறான்."

ஓமெல்யான் தன் மறுபக்கம் திரும்பி வெகுநேரம் பனியைப் பார்த்தார். பிறகு பனிக்குள்ளிருந்த அந்தக் கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.