மேலத்தெருவில் நிறுத்திய படம்

கார்கிலில் சண்டை நடந்த வருஷம். கீழ்வேளூரில் வீடியோக் கடை வைத்திருந்த நெய்னா முகம்மது, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கேமரா தூக்கிப் பழகியவர். பட்டாளத்துக்காரன் சவ ஊர்வலத்தை அதற்கு முன் எடுத்ததில்லை. ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் அரசப்பன் கூப்பிட்டனுப்பியபோது, விளக்கைக் கடையிலேயே வைத்துவிட்டுக் கேமராவோடு மட்டும் போனார். துக்க வீட்டில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

இறந்தவன் பெயர் இளையபெருமாள். தகப்பன் ஐயாவு, தாய் காத்தாயி. கூலிக்கு நடவு நட்டுப் பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள். மேலத்தெருப் பஞ்சநதத்தின் நிலம் உச்சவரம்புச் சட்டத்தில் போனபோது அதில் ஒரு துண்டு ஐயாவுக்குப் பட்டாவானது. அன்று முதல் மேலத்தெருக்காரர்கள் அவர்களுக்கு முகம் கொடுப்பதில்லை. காலனியில் யார் செத்தாலும் பிணம் மேலத்தெரு வழியாகப் போகக் கூடாது. வாய்க்காலில் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். ராணுவ வண்டி வாய்க்காலில் இறங்குமா? ஆகவே அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காலனிக்காரன் ஒருவன் மேலத்தெரு வழியாகப் போகப்போகிறான்.

காத்தாயி நெய்னாவை வாசலிலேயே நிறுத்தினாள். "நான் அழுவுறத எடுக்காதீங்க தம்பி. எம்புள்ள போறத எடுங்க. ஒரு எடம் விடாம எடுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றே எடுத்தார். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. தாய் அதன்மேல் விழுந்தபோது கேமராவைத் தேசியக்கொடியின் ஓரத்துக்குத் திருப்பிக்கொண்டார். அரசப்பன் மலர்வளையம் வைத்துவிட்டு நெய்னாவின் காதோரம் வந்தார்.

"பாய், நான் வெச்சது நல்லா விழுந்துச்சா? இன்னொருக்கா வைக்கட்டா?"

"மறுபடி தாலி கட்டுங்கன்னு சொல்ல இது கல்யாணம் இல்லீங்க."

காத்தாயியையும் ஏற்றிக்கொண்டு வண்டி மேலத்தெருவில் திரும்பியது. பின்னாலேயே நடந்து எடுத்துக்கொண்டு போனார். வரிசையாக வீடுகள், ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. கடைசி வீட்டுக் கதவு மட்டும் திறந்தது. ஒருத்தி வாளியோடு வந்து, வண்டி போன தடத்தில் சாணத் தண்ணீரைத் தெளித்துவிட்டு உள்ளே போனாள்.

நெய்னா கேமராவை நிறுத்திவிட்டார். அடுத்தவர் குறையை மூடுகிறவனின் குறையை ஆண்டவன் மூடுவான் என்று நம்புகிறவர் அவர். பெற்றவள் என்றைக்காவது இந்தப் படத்தைப் பார்த்தால் அந்த வயிறு என்ன பாடுபடும்? சுடுகாட்டில்தான் மறுபடி ஓடவிட்டார். பிறகு கடையில் உட்கார்ந்து, தெருவில் எடுத்திருந்ததையும் அழித்தார். துப்பாக்கி மரியாதை, மடித்த கொடியைக் காத்தாயி கையில் கொடுத்தது எல்லாம் குறையில்லாமல் வந்திருந்தன. நல்லது செய்தோம் என்ற நிறைவோடு கேசட்டைக் கொடுத்தனுப்பினார்.

காத்தாயி வீட்டில் டிவி கிடையாது. கேசட்டை அந்தக் கொடியிலேயே சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

ஐப்பசி அடைமழையில் அவள் புருஷன் ஐயாவும் போய்ச் சேர்ந்தார். வாய்க்கால் கரைமுட்ட ஓடியது. மகன் போன வழியிலேயே தகப்பனும் போகட்டும் என்றாள் காத்தாயி. பாடை மேலத்தெரு முனைக்கு வந்ததும் பஞ்சநதம் ஆட்களோடு மறித்தார். தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது, அரசப்பன் வந்தார். சேதி கேட்டு நெய்னாவும் பஸ் பிடித்து வந்தார், தோளில் கேமராப் பையோடு.

பட்டாளத்து வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது, பெட்டியை வாய்க்கால் வழியாகத்தான் தூக்கிப்போனார்கள், இந்தத் தெருவுக்குள் வண்டி வரவே இல்லை என்று பஞ்சநதம் கூசாமல் சொன்னார். தாசில்தார் ஊருக்குப் புதியவர், அரசப்பனைக் கேட்டார். மேலத்தெரு ஓட்டு முழுக்கப் பஞ்சநதத்தின் கையில். தாம் முன்னால் காரில் போய்விட்டதால் கவனிக்கவில்லை என்றார் அரசப்பன்.

காத்தாயி மழையில் நனையாமல் மடியில் கொண்டுவந்ததை எடுத்து நீட்டினாள். "இதுல இருக்குங்கய்யா. போட்டுப் பாருங்க. எம்புள்ள இந்தத் தெருவுலதான் போனான்."

நெய்னா முன்னால் வந்தார். வண்டி இந்தத் தெருவில்தான் போனது, தாம் கூடவே நடந்ததாகச் சொன்னார். ஆனால் படத்தில் அது இல்லை; கதவெல்லாம் சாத்திக் கிடந்ததைப் பார்த்தால் அந்தம்மா மனசு புண்படும் என்று தாமே அழித்துவிட்டதையும் சொன்னார்.

பஞ்சநதம் சிரித்தார். "எங்க மானத்தையும்ல காப்பாத்தியிருக்காரு பாய். நல்ல மனுஷன்."

வழக்கம் எதுவோ அதன்படி போகட்டும் என்று சொல்லிவிட்டுத் தாசில்தார் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

காத்தாயி கேசட்டை மறுபடி மடியில் செருகினாள். "கதவு சாத்துனத நானுந்தான் பாத்தேன் தம்பி. பொறந்ததுலேருந்து அதத்தான் பாக்குறேன். அவன் போனதத்தான் புதுசாப் பாத்தேன்."

பாடை வாய்க்காலில் இறங்கியது. தண்ணீர் மார்பளவு. நெய்னா பையைக் கரையில் வைத்துவிட்டு, தோள் கொடுக்க இறங்கப் போனார். அவருக்குத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றுதான். காத்தாயி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தோளுக்கு ஆளு இருக்கு. நீங்க எடுங்க. நான் அழுவுறதும் விழட்டும்."

அவர் எடுத்தார். மழை கண்ணாடியில் விழாமல் அவள் முந்தானையை விரித்து, கேமராவுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் படத்தில் அவள் முகம் இல்லை. வாய்க்கால் மட்டும் இருக்கிறது. பக்கத்திலிருந்து ஓர் அழுகைக் குரலும், பாடை அக்கரை ஏறும்வரை.