இட்ட பெயர்

சவரிமுத்துவின் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பொன்னுலிங்கம் அவருடைய அரைஞாண் கயிற்றை விரலால் தடவிப் பார்த்தான். குருசு, மெடல், ஒன்றும் இல்லை. செத்துப்போன அத்தானைத் திருடனைப்போல் சோதிப்பது அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கழுத்தையும் ஒருதரம் பார்த்துவிட்டான்.

எல்லாம் அந்தப் பெயர் செய்த வேலை. வடசேரியில் முருகனைக் கும்பிடுகிற குடும்பத்தில் பிறந்தவருக்கு கிறிஸ்தவ வேதக்காரர் பெயர் எதற்கு? ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவரிடம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லையா என்று வருகிறவர்களெல்லாம் கேட்பார்கள். தெருக்கோயில் பூசாரியோ அவருக்கு மட்டும் திருநீற்றை இலையில் வைத்துத் தள்ளுவார். அக்காள் சண்முகவடிவைக் கட்டிக்கொடுத்தபோதே பெயரை மாற்றச் சொல்லிப் பார்த்தாயிற்று. "இட்ட பேரு கெடக்கட்டும்" என்பதற்கு மேல் அந்த மனிதர் வாய் திறந்ததில்லை. நெருப்பில்லாமல் புகையுமா?

இப்போது தெருக்காரர்கள் எதிர்வீட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். பாடை கட்டியாகிவிட்டது, தோள் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

"வேதத்துல சேந்தவனத் தூக்கிட்டு நாளைக்கு நாங்க எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போவோம்?" என்றார் மூத்தவர் தாணுமாலயன்.

போதாக்குறைக்குக் கொல்லைவாசலில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மீன் சுமக்கும் வெறும் ஓலைக்கடவம், கழுத்தில் குருசு. இராஜாக்கமங்கலம் கடற்கரைக்காரி. கோட்டாறு சந்தையில் அத்தான் இவள் பக்கத்தில் குந்தியிருந்து வெற்றிலை போட்டதைப் பொன்னுலிங்கம் கண்டிருக்கிறான். அவனைக் கண்டதும் அவர் சட்டென்று எழுந்து போய்விட்டார். பிணத்தைக் கல்லறைக்குக் கேட்டு வந்திருக்கிறாள், பின்னாலேயே சவப்பெட்டியும் வரும் என்று நினைத்து அவன் வேகமாக அவளிடம் போனான்.

"ஏ கெழவி, ஒனக்கு இஞ்ச என்ன சோலி?"

"எனக்க பிள்ளையப் பாக்க வந்தேன் மக்கா."

"ஆரு ஒனக்க பிள்ளை? வாய மூடு! அந்தா நிக்கானுவளே, அவனுவ காதுல விழுந்தா எங்க அக்கா இந்தத் தெருவுல குடியிருக்க முடியாது."

கிழவி முன்வாசலை எட்டிப் பார்த்தாள். ஆளில்லாமல் கிடந்த பாடையையும் ஒதுங்கி நின்றவர்களையும் பார்த்தாள். அவன் தடுக்குமுன் எழுந்து நேரே வாசலுக்குப் போய்விட்டாள். பொன்னுலிங்கம் பின்னாலேயே ஓடினான்.

"கேளுங்க மக்கா. இவனுக்க அம்மைக்கு மூணு பிள்ளை தங்கல்ல. நாலாவது இவன். மீன் கொண்டுவந்த எனக்க மடியில இட்டு ஒரு பிடி தவிட்டுக்கு வித்தா. வாங்குனவ நான், பேரு நான் இட்டது. வளத்தது அவதான், கும்பிட்டது ஒங்க சாமியத்தான். வாங்குனது ஆருன்னு வெளிய தெரிஞ்சா யமன் தேடி வந்துருவான்னு சத்தியம் வாங்கியிருந்தா. அவனும் வாய் தொறக்கல்ல. இனி யமனுக்கு ஒளிக்க என்ன கெடக்கு?"

முந்தானையை விரித்தாள்.

"எனக்க தவிட்டத் திருப்பித் தாங்க. அவன் பெத்தவளுக்க பிள்ளையாப் போட்டும்."

தவிட்டுக்கு விற்ற பிள்ளை அந்தத் தெருவில் எந்த வீட்டில் இல்லை? தாணுமாலயனின் தம்பி பெயரே தவிட்டுமுத்து. மூத்தவர் தோள்துண்டை எடுத்து மெல்ல இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பொன்னுலிங்கம் தொழுவத்துக்கு ஓடினான். பசுவுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு பிடி அள்ளி வந்தான்.

"அம்மை, முந்தியப் பிடிங்க."

அவள் வாங்கி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பிணத்தின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடவத்தை எடுத்தாள்.

"இருந்து ஒரு வாய் அழுதுட்டுப் போங்க" என்று சண்முகவடிவு அவள் கையைப் பிடித்தாள்.

"திருப்பிக் குடுத்தாச்சே மக்கா. இனி எனக்கு இஞ்ச என்ன சோலி?"

பாடை கிளம்பியது. மூங்கிலைப் பிடித்திருந்த பொன்னுலிங்கத்தின் உள்ளங்கையில் வேர்வையோடு தவிடு ஒட்டியிருந்தது. முக்கு திரும்பியதும் தோள் மாற்ற ஒருவர் வந்தார். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான்.