மெய்ஹாவின் தஃபீனா

கமூனாவுக்கு வாய் நீளம். துனிஸ் நகரத்து யூதர் தெருவில் அது தெரியாதவர் கிடையாது. அந்த வாயில் இருபது வருஷமாக அரைபட்டது பக்கத்து வீட்டு மெய்ஹாவின் தஃபீனாதான். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் எல்லா வீட்டுத் தஃபீனாப் பானையும் முஸ்லிம் ரொட்டிக்காரர் லாமினின் அடுப்புக்குள் போய்விடும். ஓய்வுநாளில் நெருப்பைத் தொடக்கூடாதல்லவா? ராத்திரி முழுக்க அங்கேயே வெந்து, சனி மதியம் வீடு திரும்பும். கோதுமை, கொண்டைக்கடலை, முட்டை, வாய்த்தால் மாட்டுக்கால்.

"என்னோடத சாப்பிட்டா எந்திரிச்சு ஆடலாம். மெய்ஹாவோடத சாப்பிட்டா ஞாயித்துக்கிழமைதான் கண்ணு முழிக்கலாம். அது சாப்பாடா, கல்லு!" என்று கல்யாண வீட்டிலேயே சொல்லிச் சிரித்தவள் கமூனா.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெர்மன்காரர்கள் ஊரைப் பிடித்து இரண்டு மாதமாகியிருந்தது. இளவட்டங்களை எல்லாம் விமானத்தளத்தில் குழி வெட்ட இழுத்துப் போயிருந்தார்கள். அவளுடைய ஒரே மகன் ஃப்ராஜி அங்கிருந்து தப்பி வந்து, நாலு நாளாக லாமின் கடை மாவுப் பரணில் ஒளிந்திருந்தான். பானை எடுக்கப் போனால், கடை வாசலில் நாற்காலி போட்டு, துப்பாக்கியோடு ஒரு சிப்பாய்! அந்தக் கடைக்கு வேறு வாசலும் இல்லை.

"மூணு மணிக்கு அதிகாரி வந்து கடை கடையா சோதனை போடப்போறாராம்," லாமின் அடுப்பைப் பார்த்தபடியே முணுமுணுத்தார். "அதுவரைக்கும் இவன் காவல். நான் என்னக்கா பண்ணுவேன்?"

கமூனா சிப்பாயைத் திரும்பிப் பார்த்தாள். சிப்பாயோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு பானைகளையே பார்த்தான். படுபாவிக்குப் பசி. தின்றால் அசருவான் என்று கமூனா தன் பானையைத் திறந்து ஒரு தட்டு நிறைய வைத்தாள். வழித்துத் தின்றான். தின்றவன் அசந்தானா? கன்னம் சிவக்க எழுந்து, பூட்ஸால் தாளம் போட்டு, அவன் ஊர்ப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டான்! இருபது வருஷமாக அடித்த பெருமை அன்றைக்குத்தானா பலிக்க வேண்டும்?

அந்த நேரம் பார்த்து மெய்ஹா பானை எடுக்க வந்தாள். கமூனா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பரண்ல என் பிள்ளை இருக்கான்டி. உன் தஃபீனா வேணும்."

"எது, அந்தக் கல்லா?"

"அடியே, உன் கால்ல விழுறேன்."

"காலெல்லாம் வேணாம், கூச்சமா இருக்கு. தள்ளு."

மெய்ஹா வீட்டில் ஐந்து வாய். மாமிசம் கண்டு மாதக்கணக்கானது. அந்த வாரம்தான் எங்கோ அலைந்து ஒரு மாட்டுக்கால் பிடித்திருந்தாள். எல்லாவற்றையும் சிப்பாய் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"தின்னு ராசா, நல்லா தின்னு."

முதல் தட்டில் பாட்டு நின்றது. இரண்டாம் தட்டில் இடுப்புவாரைத் தளர்த்தினான். மூன்றாவதை மெய்ஹா விடாமல் திணித்தாள். அப்புறம் கேட்டதெல்லாம் குறட்டைதான்.

ஃப்ராஜி உடம்பெல்லாம் மாவாக இறங்கி வந்தான். லாமின் தன் அங்கியை அவன்மேல் போட்டு, ரொட்டிப் பலகையைத் தலையில் ஏற்றிவிட்டார். சிப்பாயின் நீட்டிய காலைத் தாண்டி, ரொட்டிக்காரனாகவே நடந்து, தெருமுனை திரும்பி, லாமினின் மாமனார் வீட்டுப் பக்கம் போயே போய்விட்டான். கமூனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மெய்ஹாவின் பானையில் ஒரு கடலைகூட மிஞ்சவில்லை. கமூனா தன் பானையைத் தூக்கி அவள் கையில் வைத்தாள்.

"பிள்ளைங்களுக்குப் போடு."

"உன்னோடதா? தின்னுட்டு ஆடுங்களே, யாரு பிடிக்கிறது?" மெய்ஹா நகரவில்லை. "அது கிடக்கட்டும். என் தஃபீனா எப்படி? இப்போ சொல்லு."

"கல்லுதான்," கமூனா மூக்கைச் சிந்தினாள். "என் பிள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்த கல்லுடி."

"சத்தமா சொல்லு. தெருவுக்கே கேக்கட்டும்."

"ஐயோ, அவன் முழிச்சுக்குவான்!"

"என் தஃபீனாவ தின்னவனா? ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியா?"

கமூனா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.