இல்லாத வேண்டுதல்

தை மாதக் கடைசியில், மிளகு பறிக்க ஏறிய ஏணி சறுக்கி அர்த்தனாரி கீழே விழுந்தார். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. நாமக்கல்லில் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அறுபத்தொரு வயதில் அவர் அப்படிப் படுத்துக் கிடந்ததே இல்லை. மலைமேல் திருப்புலி நாட்டில் அவருக்கு இரண்டு ஏக்கர் காடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, சரிவில் மரவள்ளி, மேட்டில் கொஞ்சம் சாமை. பறிப்பு நேரத்தில் கட்டிலில் கிடப்பது அவருக்குக் கால்வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது.

இரண்டாவது வாரம் மகள் தேன்மொழி பார்க்க வந்தாள். அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. கணவன் ராசு கோழித்தீவனம் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே மகன் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். அடுத்த பஸ்ஸுக்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தாள். சாத்துக்குடியும் ரொட்டியும் இருந்த பையிலிருந்து தடியான ஒரு புத்தகத்தையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு கெடக்காதீங்கப்பா. பக்கத்து ஊட்டு ஹேமலதா டீச்சர்கிட்ட வாங்குனேன். மொளகுக் காட்டுக் கதையாம்."

இந்தோனேசியாவில் யாரோ எழுதியது, தமிழில் வந்திருந்தது. அட்டையில் மிளகுக்கொடிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பாதி முகம். எட்டாவது வரை படித்த அர்த்தனாரிக்குச் செய்தித்தாள் வாசிக்கும் பழக்கம் உண்டு. நாவல் என்று எதையும் தொட்டதில்லை. நாலு நாள் அதை அப்படியே வைத்திருந்து, ஐந்தாம் நாள் வேறு வழியில்லாமல் திறந்தார்.

முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சுமத்ரா தீவு. டச்சுக் கம்பெனிக்காரர்கள் கப்பலில் வந்து மிளகை எடைபோட்டு வாங்கிப்போகிற காலம். ஹாசிம் என்று ஒரு மிளகு விவசாயி. கொடியை எந்தப் பருவத்தில் மரத்தில் ஏற்றுவான், மழை பிந்தினால் காய் எப்படி உதிரும் என்றெல்லாம் எழுதியிருந்தது. அர்த்தனாரிக்கு அந்த மனிதனைப் பக்கத்துக் காட்டுக்காரனைப்போலத் தெரிந்துவிட்டது. விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு மெல்ல வாசித்தார். சாயங்காலம் மனைவி கண்ணாயி வேலை முடித்து வந்ததும் அவளுக்குச் சத்தமாகவும் படித்துக் காட்டினார்.

ஹாசிமுக்கு மெலூர் என்று ஒரு மகள். அவள் அழகு துறைமுகம்வரை பேச்சானது. கம்பெனி அதிகாரி ஒருவன் எடைபோடும் சாக்கில் ஊருக்குள் வந்து போக ஆரம்பித்தான். அவன் கண் வைத்த பெண்கள் கோட்டைக்குள் போனால் திரும்பியதில்லை.

"அப்புறம் என்னங்க பண்ணுனான் அவ அப்பன்?" என்று கண்ணாயி கேட்டாள். மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

அர்த்தனாரி பக்கத்தைத் திருப்பினார். அந்தத் தீவில் ஒரு மரம் உண்டு. அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும். சேராங்கொட்டைப் பாலைப் போல என்று அர்த்தனாரி நினைத்துக்கொண்டார். ஹாசிம் அந்தப் பாலை இலையில் பிடித்து வந்து, உறங்கிக்கொண்டிருந்த மகளின் முகத்தில் தடவினான். மறுமாதம் அதிகாரி வந்தான், பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். மகளைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஹாசிம் ஊருக்கு விருந்து வைத்தான். விருந்து நடக்கும்போது மெலூர் எழுந்து வந்து அவன் முன்னால் நின்றாள்.

"'திருடன் வருவான் என்று பயந்து, நீங்களே வீட்டைக் கொளுத்திவிட்டீர்களே அப்பா' என்றாள் மெலூர்."

அதற்குமேல் அவர் படிக்கவில்லை. கண்ணாயியின் கையில் கத்தி நின்றுவிட்டது.

"போதுமுங்க. மூடி வெய்யுங்க" என்றாள். பிறகு கிழங்கைப் பார்த்தபடியே, "நாம பண்ணுனது மட்டும் என்னவாமுங்க?" என்றாள்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் பேசாத பேச்சு அது.

தேன்மொழிக்குப் பதினாறு வயது இருக்கும்போது, மலையில் வருஷாவருஷம் நடக்கும் ஓரி விழாவுக்கு வந்த ஒரு போட்டோக்காரர், கூட்டத்தில் நின்றிருந்த அவளைப் படம் எடுத்துப் போனார். அடுத்த தையில் அந்தப் படம் ஓர் உரக்கடைக் காலண்டரில் வந்தது. முதலில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அர்த்தனாரியே ஒன்றை வாங்கிவந்து சுவரில் மாட்டினார். பிறகு அது லாரி செட்டுகளிலும் டீக்கடைகளிலும் சலூன்களிலும் தொங்கியது. "காலண்டர் புள்ள ஊடு எது?" என்று கேட்டுக்கொண்டு கீழ்நாட்டு ஆட்கள் பைக்கில் வந்தார்கள். பள்ளிக்கூட பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் நிற்க அடிதடி நடந்தது. ஒருநாள் இரண்டு பேர் காரை நிறுத்தி, ஏறச் சொல்லி அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூச்சல் போட்டு ஓடிவந்ததால் விட்டுவிட்டுப் போனார்கள்.

அர்த்தனாரி அன்றைக்குப் பயந்ததுபோல் வாழ்நாளில் பயந்ததில்லை. கார்க்காரர்களைத் தேடிப்போய்க் கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை. மகளிடம் வந்தார். "அம்மாவுக்குக் காச்ச வந்தப்ப உனக்கு முடியெறக்கறதா வேண்டிக்கிட்டேன் கண்ணு" என்று சொல்லி, குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய் இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தலை வழித்து எடுக்க வைத்தார். அப்படி ஒரு வேண்டுதலே இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பும் நின்றது. பதினேழு முடிவதற்குள், முடி விரல் நீளம்கூட வளராத தலையோடு, அவளைவிடப் பதின்மூன்று வயது மூத்த ராசுவுக்குக் கட்டிக்கொடுத்தார். காப்பாற்றிவிட்டதாகத்தான் அவரும் நினைத்தார். கல்யாணத்தன்று வயிறாரச் சாப்பிட்டது அவருக்கு நினைவிருந்தது.

கட்டுப் பிரிக்கும்வரை அந்தப் புத்தகத்தை அவர் மறுபடி தொடவில்லை. பங்குனியில் கட்டுப் பிரித்த நாலாம் நாள், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கூட வருகிறேன் என்ற கண்ணாயியை வேண்டாம் என்றுவிட்டார்.

தேன்மொழி சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா தனியாக வந்து நிற்பதைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"என்னங்கப்பா இது, கட்டுப் பிரிச்சு நாலு நாளு ஆகல. அம்மாளுக்கு ஏதாச்சுமுங்களா?"

"ஒண்ணுமில்ல சாமி. சும்மாதான் வந்தேன். புக்கக் குடுத்துட்டுப் போலாம்னு."

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ இதப் படிச்சயா கண்ணு?"

"எனக்கெங்கப்பா நேரம்? மொளகுனு டீச்சர் சொன்னாங்க, உங்களுக்குப் புடிக்குமேனு வாங்கியாந்தேன்."

மகள் எல்லாம் தெரிந்துதான் அதைக் கொண்டுவந்து வைத்தாள் என்று ஒரு மாதமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. பேசாமல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடலாம். ஒரு நொடி அந்த எண்ணம் வரவும் செய்தது. பிறகு பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடிப் பிரித்து, அவளிடம் நீட்டினார்.

"இந்த ரெண்டு பக்கத்த மட்டும் படி."

தேன்மொழி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். படித்து முடித்த பிறகும் தலையைத் தூக்கவில்லை.

"அன்னைக்கு வேண்டுதல்னு சொன்னது..." என்று அவர் தொடங்கினார்.

"பொய்யினு தெரியுமுங்கப்பா."

"அம்மா சொன்னாளா?"

"யாரும் சொல்லல. அந்த வருசம் அம்மாளுக்குக் காச்சலே வரல. எனக்குத் தெரியாதா? நாவிதரு கத்தியத் தீட்டும்போது நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டீங்க. சாமிக்குன்னா ஏன் திரும்பி நிக்கறீங்க?"

அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயத்தாலா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"முடி போனது பெருசில்லீங்கப்பா, வளந்துருச்சு. என்னைய இழுத்தவன் எவனோ. அவன ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. தப்பு பண்ணுனவளாட்டம் எனக்கு மொட்டை. படிக்கறேன்னேன், வேண்டாம்னீங்க. காலண்டர மொதல்ல செவுத்துல மாட்டுனது நீங்கதானுங்களே?"

"நாந்தான்."

"டீக்கடையில எல்லாத்துக்கும் காட்டுனீங்க."

"காட்டுனேன் சாமி. பெருமையா இருந்துச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நீ என்னைய..."

"மன்னிப்புக் கேக்காதீங்கப்பா" என்று அவசரமாகத் தடுத்தாள் தேன்மொழி. "நீங்க கேட்டா நான் சரினு சொல்லோணும். எனக்கு இன்னும் சரினு சொல்ல வரல."

அவர் தலையை ஆட்டினார்.

பிறகு அவள்தான் தாழ்ந்த குரலில் சொன்னாள். கல்யாணமான புதிதில் மாமியார் கேட்டாளாம்: காரணமில்லாமல் எந்த அப்பனாவது வயசுப்பிள்ளைக்கு மொட்டையடிப்பானா? எவனோடோ ஓடப்பார்த்திருப்பாள், பிடித்து வந்து வழித்திருப்பார்கள். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பேச்சு போகவில்லை. ராசு அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. ஆனால் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால், தலையில் பூ வைத்தால், யாருடனாவது சிரித்துப் பேசிவிட்டால், "மொட்டையடிச்சுத் தள்ளிவுட்ட கழுத" என்பான். மகன் எதிரிலேயே சொல்லியிருக்கிறான்.

"இத ஏன் கண்ணு ஒருநாளும் சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? வேண்டுதல்னுதானே சொல்லியிருப்பீங்க."

அர்த்தனாரி புத்தகத்தை எடுத்து மூடிவைத்தார்.

"எங்கிட்டச் சொல்லி ஒண்ணும் ஆகறதில்லீங்கப்பா. அவருகிட்டச் சொல்லுங்க" என்றாள் அவள்.

மூன்று மணிக்கு ராசு சாப்பிட வந்தான். ஐம்பது வயது தாண்டிய, அதிகம் பேசாத மனிதன். சட்டையெல்லாம் தீவனத் தூசி. "வாங்க மாமா, கால் தேவலீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கைகழுவி உட்கார்ந்தான். தேன்மொழி சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டாள். அவன் முதல் வாய் எடுக்கும் முன் அர்த்தனாரி சொன்னார்.

"மாப்ள, சாப்பாட்டு நேரத்துல சொல்றேன்னு நெனைக்காதீங்க. இன்னொரு வாட்டி எனக்குத் தைரியம் வராது. தேனுக்கு மொட்டையடிச்சது வேண்டுதலுக்கு இல்ல. அவ எந்தத் தப்பும் பண்ணல. எவனையும் ஏறெடுத்துப் பாத்ததில்ல. ரெண்டு பேரு காரு வெச்சு அவளத் தூக்கப் பாத்தானுங்க. அவனுங்களப் போயிக் கேக்க எனக்கு நெஞ்சுல தெம்பில்ல. அதுக்கு எம்புள்ள தலையில கத்தி வெச்சேன். குலசாமி பேரச் சொல்லிப் பொய் சொன்னேன். தப்பெல்லாம் எம்மேலதான். உங்களுக்கு யாரையாச்சும் ஏசோணும்னா என்னைய ஏசுங்க."

ராசுவின் கை சோற்றிலேயே இருந்தது. மாமனாரைப் பார்த்தான். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தான். தேன்மொழி கண்ணைத் தாழ்த்தவில்லை.

"இத்தன வருசங் கழிச்சு வந்து சொல்றீங்களே மாமா" என்றான் கடைசியில். கோபமா வருத்தமா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. சோற்றை அப்படியே விட்டு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனான். ஆட்டோ கிளம்பும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை. அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும்.

தேன்மொழி தட்டை எடுத்துவைத்துவிட்டு அப்பாவுக்குச் சோறு போட்டாள். அவர் சாப்பிடும்போது புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

"இந்தப் புள்ள அப்புறம் என்னங்கப்பா ஆனா?"

"தெரியல சாமி. அதுக்குமேல படிக்கப் பயமா இருந்துச்சு."

"அப்ப இங்கயே இருக்கட்டும். நான் படிச்சுட்டுச் சொல்றேன்."

அவர் நாலரை பஸ்ஸில் மலை ஏறினார்.

ராசு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற ஆளும் இல்லை. வாசலில் அவள் நின்றால் இப்போதும் முகத்தைச் சுளிக்கிறான். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் அதற்குப் பிறகு அவன் சொல்லவில்லை. ஒரு முறை வாய்வரை வந்து விழுங்கிவிட்டான் என்று தேன்மொழி அம்மாவிடம் போனில் சொன்னாள். பக்கத்தில் இருந்த அர்த்தனாரிக்கும் அது கேட்டது.

"அப்பாகிட்டக் குடுங்கம்மா" என்றாள் பிறகு. கண்ணாயி போனைக் கொடுத்தாள்.

"படிச்சு முடிச்சுட்டனுங்கப்பா. மெலூரு ஊட்ட வுட்டுக் கெளம்பி வேற தீவுக்குப் போயி, அங்க மொளகு யாவாரம் பண்றா. ரொம்ப வருசங் கழிச்சு அவ அப்பன் தேடிக்கிட்டுப் போறான். உக்கார வெச்சுச் சோறு போடறா. ஆனா ஒரு வார்த்தையும் பேசறதில்ல. அவன் சாப்புட்டுட்டு எந்திரிச்சுப் போயர்றான். அதோட முடிஞ்சுபோச்சு."

அர்த்தனாரி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் செய்தது சரி என்று சொல்ல நினைத்தார்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன் கண்ணு."

"டீச்சர்கிட்ட வேற புக்கு கேட்டிருக்கேன். இந்தத் தடவ நான்தான் மொதல்ல படிப்பேன்" என்றாள் தேன்மொழி.