கழன்று போன முதல் டிஸ்க்

மூன்றாவது முறையும் சர்வர் எழவில்லை. எங்கள் ஸ்கேன் மையத்துக்கு வருகிறவர்களின் பழைய படங்கள் மொத்தமும் அந்த ஒரே பெட்டிக்குள்தான். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதன் அடிப்படை மென்பொருளான கெர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுபடி இயக்கினால் பாதி தூரம் வந்து, தேவையான பாகங்களைக் காணோம் என்று நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் பழைய கெர்னலைத் தேடிப்பிடித்துப் போட்டால்தான் உயிர் வந்தது.

மூன்று முறையும் அந்த அறையில் என்னைத் தவிர இருந்த ஒரே ஆள் எலக்ட்ரீஷியன். அவர் என் தங்கையின் கணவர். வேலைக்கு சிபாரிசு செய்ததும் நான்தான். வந்து நாலு மாதமாகிறது; சாமி மாதிரி சிரிப்பார், எதைக் கேட்டாலும் “நான் ஒண்ணும் தொடல மச்சான்” என்பார். கேட்காதபோதும் சொல்வார். கேட்காததற்குப் பதில் சொல்கிற ஆளை நான் நம்புவதில்லை.

போன வாரம் கூட பெட்டியின் மேல்பக்கத்தைக் காட்டி, ஒரு விளக்கு எரியவில்லை என்றார். உன் வேலையைப் பார் மாப்ளே என்று வாயை அடைத்தேன். முந்திக்கொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்றே பட்டது.

இன்று காலை பொறுக்க முடியவில்லை. கேபிளை இழுத்து சர்வரைக் கெடுப்பது அவர்தான் என்று எழுதி, நிர்வாகி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மதியத்துக்கு மேல் அவரை நிறுத்திவிடுவதாக அந்த அம்மா சொன்னார். சொந்தக்காரன் என்று பார்க்காத என் நேர்மையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பெருமையோடு ஆதாரம் தேடினேன். எங்கள் சர்வரில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவதை மென்பொருளே மற்றதிலும் அப்படியே எழுதிவிடும். நிலவரம் கேட்டால், டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு ‘யூ’ எழுத்து நிற்கும். இப்போது முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. முதல் டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருந்தும் ஜோடியிலிருந்து கழன்றிருந்தது; புதிதாக எதுவும் அதில் எழுதப்படவில்லை. கையும் களவுமாக மாட்டினார் என்று குதிக்கப் போனேன்.

எப்போது கழன்றது என்று பார்க்கத்தான் மெயிலைத் திறந்தேன். சர்வர் தினமும் காலையில் அனுப்பும் மெயில்கள் தொல்லையாக இருக்கின்றன என்று, அவற்றைப் பார்வையிலிருந்து ஒதுக்கி வைத்தவன் நான்தான். நூற்று ஐம்பத்தொரு மெயில்கள். எல்லாவற்றிலும் ஒரே சேதி: ஒரு டிஸ்க் இல்லை. முதல் மெயில் வந்தபோது மாப்பிள்ளை இங்கே சேரவே இல்லை.

அதன் பிறகு எல்லாம் தானாக விளங்கியது. பெட்டி எழும்போது கழன்று போன முதல் டிஸ்க்கைத்தான் படிக்கிறது. நான் போட்ட புதிய கெர்னல் இரண்டாவதில் மட்டும் இருந்தது. முதல் டிஸ்க் காட்டிய பழைய கெர்னலின் பாகங்களையோ, சுத்தமாக இருக்கட்டும் என்று நானே துடைத்திருந்தேன். மாப்பிள்ளை காட்டிய எரியாத விளக்கும் அந்த முதல் டிஸ்க்குடையதுதான். மாப்பிள்ளை ஏன் எப்போதும் அங்கே இருந்தார்? நான் புதுப்பிக்கும் நாளிலேயே யூபிஎஸ் பேட்டரி பார்க்க அவரை வரச்சொன்னதும் நான்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இரண்டாவது டிஸ்க்கிலிருந்து எழும்படி மாற்றினேன். எழுந்தது. மணி பதினொன்றே முக்கால். ஓடினேன்.

மாப்பிள்ளை நிர்வாகி அம்மாவின் மேசை முன்னால், கையில் டெஸ்டரோடு நின்றுகொண்டிருந்தார். என் கடிதம் மேசைமேல் விரிந்து கிடந்தது.

“தப்பு என்னோடதும்மா. அந்தப் பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதிக்கோங்க,” என்றேன். மெயில் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா அதை எழுத்தில் கேட்டார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்தோம். வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளைதான் முதலில் பேசினார்.

“வீட்ல இதைச் சொல்லாதீங்க மச்சான். உங்க தங்கச்சி அப்புறம் உங்ககூடப் பேசவே மாட்டா.”